இரண்டு பேருக்கு ஒரு சட்டி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த மேசையில் நடந்ததை என்னைவிடச் சரியாகச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

எங்களுக்கு ஆரணியில் பட்டுத் தறி. மகள் சுவிட்சர்லாந்தில், சூரிச் நகரத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். என்னை விமானம் ஏற்றிவிட வந்த வீட்டுக்காரர், "எனக்கு ஒண்ணும் புரியல. நீ போய் பாத்துகினு வந்து சொல்லு. நீ வேணாம்னா வேணாம்தான்" என்றார். இது மகளுக்கும் தெரியும். போய் இறங்கியதிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையனும் அவனுடைய அம்மாவும் எங்களை ஒரு பழைய ஓட்டலுக்கு அழைத்துப் போனார்கள். அந்த அம்மாவின் தாத்தா காலத்திலேயே பேர் பெற்ற ஓட்டலாம். தாழ்வான மரக்கூரை, சுவரெல்லாம் பெரிய பெரிய மாட்டு மணிகள், நுழைந்ததுமே புளித்த பால் வாடை.

அங்கே விசேஷம் உருக்கிய சீஸ். சின்ன அடுப்போடு சட்டியை மேசை நடுவில் வைத்துவிடுவார்கள். நீளமான முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, எல்லாரும் அதே சட்டியில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

"எச்சில் ஆயிடாதா?" என்று மகள் காதில் கேட்டேன்.

"ஆரம்பிச்சிட்டியா! அதுல ஒயின் வேற ஊத்துவாங்கம்மா. இரு, ஒயின் இல்லாம உனக்குத் தனியா சொல்றேன்."

பரிமாறும் பெண் தலையை ஆட்டினாள். ஒயின் இல்லாமல் செய்யலாம், ஆனால் ஒரே ஆளுக்குச் சட்டி வைக்கும் வழக்கமே அந்த ஓட்டலில் இல்லையாம். மகள் என்னோடு சாப்பிடுவதாகச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பையனின் அம்மா எழுந்து, அவளைக் கிளப்பிப் பையன் பக்கம் அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா சொல்றாங்க?"

"சின்னவங்க ஒரு சட்டி, பெரியவங்க ஒரு சட்டியாம். ஒயின் ஊத்தாம உருக்கின சீஸை அவங்க இதுவரைக்கும் தொட்டதே இல்லம்மா."

சட்டி வந்தது. நான் சாப்பிடாமல் அவரையே கவனித்தேன். கரண்டியில் உதடு படவில்லை. முன்பல்லால் ரொட்டியை மட்டும் மெல்லக் கடித்து இழுத்துக்கொண்டார். நாம் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடிக்கும்போது இருக்குமே, அதே ஜாக்கிரதை.

"இவங்களும் எச்சில் பாக்கறாங்களே!"

"பின்ன? உதடு பட்டா இங்கயும் அசிங்கம்தான்."

நானும் தோய்த்தேன். உப்பும் புளிப்புமாக, நூல் மாதிரி இழுபட்டது. நன்றாகத்தான் இருந்தது. அடுத்த துண்டு கழன்று சட்டிக்குள் விழுந்துவிட்டது. பையன் கைதட்டினான்.

"போச்சு! ரொட்டியை விட்டவங்க பாடணும்" என்றாள் மகள்.

"பாட்டா? கோயில்லயே பாட மாட்டேன். சும்மா இருடி."

பையனின் அம்மா அந்தத் துண்டைத் தேடி எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, மெதுவாக ஏதோ சொன்னார். மகள் திரும்பிப் பையனைப் பார்த்தாள்.

"இன்னாடி?"

"பாட்டு வேணாமாம். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாப் போதுமாம். அவங்க பையனை உனக்குப் புடிச்சிருக்கான்னு கேக்கறாங்க."

பையன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அவன் காது சிவந்திருந்தது. எனக்கு வழக்கமான கூச்சம் வரவில்லை. அந்த அம்மாவைப் பார்த்தே பேசினேன்.

"பையன்கிட்ட நான் இன்னும் சரியாவே பேசல. ஆனா இந்தச் சம்பந்தியை விட மாட்டேன்னு சொல்லு."

மகள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். மீதியைக் கேட்காமலே அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை வீட்டுக்காரருக்குப் போன் செய்து சரி என்றேன். தாய்மாமனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று, அவர் கண்ணமங்கலத்துக்குப் பஸ் ஏறிப் போய் என் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார்.