ரோடு ரோலரில் அடைகாத்த கோழி

எழுபதுகளில் ஒரகடம் சாலை போடுவதாகச் சொல்லி, எங்கள் வீட்டெதிரே ஒரு ரோடு ரோலரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிறகு யாரும் வரவில்லை. மழை பெய்தால் பஸ்ஸும் வராது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடப்பேன். ரோலரின் மேல் துணி காயப்போட்டேன். அதன் சீட்டுக்கு அடியில் என் கோழி அடைகாத்தது.

ஐந்தாம் வருடம் டிரைவரோடு வந்த ஓவர்சியர், "வண்டிய எடுக்கணும், கோழிய தூக்கும்மா" என்றார்.

"குஞ்சு பொரிக்க இன்னும் பத்து நாள் கீது. அஞ்சு வருசமா நாங்க காத்துகினு இருந்தோம், உனக்கு இன்னா அவசரம்?" என்று ரோலருக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

திரும்பிப் போனார்கள்.

அந்தத் தாமதத்தில் பத்து நாள் என்னுடையது, காரணத்தையும் சொல்லிவிட்டேன். மீதி ஐந்து வருடத்துக்கு இன்றுவரை யாரும் காரணம் சொல்லவில்லை.