அத்தர் பூசிய பெரியவர்

பம்பாயில் மதுவிலக்கு இருந்த அறுபதுகளில், மாட்டுங்கா ரயிலில் தினமும் என் எதிரே தாராவித் தோல் கிடங்குப் பெரியவர் ஒருவர் உட்காருவார். நரைத்த தாடி, மூக்கைத் துளைக்கும் அத்தர். பாரசீகப் பாட்டை முணுமுணுத்து, பக்கத்திலிருப்பவருக்குத் தமிழில் அர்த்தம் சொல்வார். எல்லாம் மதுக்கடை, கிண்ணம், போதை. சாராய வாடையை மறைக்கத்தான் அத்தர் என்று முடிவுகட்டினேன்.

ஒருநாள் அவர் வாயைக் கிளறினேன். "பெரியவரே, நல்ல சரக்கு எங்க கிடைக்கும்?"

அவர் முகம் சுருங்கியது. "அல்லா மேல உள்ள பிரியத்தத்தான் தம்பி பாட்டுல மதுங்காங்க. வேதம் ஹராம்னு சொன்னத நான் தொட்டதே கெடயாது. அத்தரு, தோல் நாத்தத்துக்குப் பூசுதேன்."

மறுநாளிலிருந்து அவர் வேறு பெட்டியில் ஏறினார். பிடிபடப் பயந்துதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். யோசித்தால், அந்தப் பெட்டியில் சரக்கு கேட்டவன் நான் ஒருவன்தான்.