தூங்குமூஞ்சி மரத்தின் மேல் ஒரு வழக்கு

தண்ணீரில் பிழைத்துக்கொண்டு தண்ணீரையே இவ்வளவு வெறுத்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. மீன் பிடிப்பவருக்கும் படகு ஓட்டுபவருக்கும் நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும். வெயிலக்காவுக்குக் காலையில் மட்டும் போதும். உச்சி வெயிலுக்குப் பிறகும் அது துணியை விட்டுப் போகாவிட்டால் அவருக்குப் பகையாளி.

அவர் நடத்தியது சலவைக்கடை. துவைப்பது அதில் பாதித் தொழில்தான். மீதிப் பாதி, துணிக்குள் தானே விட்ட தண்ணீரைத் தானே துரத்துவது. காலையில் எழுந்ததும் கணவர் முகத்தைப் பார்க்க மாட்டார், வானத்தைப் பார்ப்பார். "அதுவாவது அப்பப்ப மாறும்" என்பது அவர் சொன்ன காரணம். துணி காய்ந்ததா என்று அறியக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார், ஏனென்றால் அவர் கைகள் காய்ந்ததே கிடையாது. சொந்தப் பெயர் அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருந்தது. தெருவுக்கு அவர் வெயிலக்கா.

கணவர் இஸ்திரி போடுவார். நின்றபடியே தூங்கக்கூடியவர், ஆனாலும் ஒரு துணியைக்கூடக் கருக்கியதில்லை. இந்த இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் பொருந்தின என்பதை யாரும் விளக்கியதில்லை.

வீட்டில் அடுப்பு எரிந்ததே பிரசவ ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளால்தான். அங்கிருந்து ஒரு நாள் தலைமை நர்ஸ் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏம்மா, போன தடவையும் ஈரம், இந்தத் தடவையும் ஈரம். பச்சைக் குழந்தையைப் போடுற துணி. இன்னொரு தடவை இப்படி வந்தா மெஷின் லாண்டரிக்குக் கொடுத்துடுவோம். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே."

வெயிலக்கா குற்றவாளியைத் தேடினார். நெடுந்தூரம் போகவில்லை. கொல்லையில் துவைக்கும் தொட்டி, தொட்டியிலிருந்து கழிவுநீர் ஓடும் வாய்க்கால், அது போய் முடியும் இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் குடைக்குக் கீழேதான் கொடிக்கயிறு.

"எல்லாம் இந்த மரத்தாலதாங்க."

"அது பாட்டுக்கு நிக்குது. அது என்ன பண்ணுச்சு?"

"நிக்கலை. வேர்க்குது."

"வேலை செய்யாததுக்கு எப்படி வேர்க்கும்?"

"ஏன், உங்களுக்கு வேர்க்கலையா?"

கணவர் இஸ்திரிப் பெட்டிக்குத் திரும்பினார்.

வாய்ச்சொல்லில் நிற்கிறவர் அல்ல வெயிலக்கா. துணி சுற்றும் பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்து, இலைக்கொத்தோடு ஒரு கிளையில் மாட்டி, வாயை இறுக்கிக் கட்டினார். மதியம் கவரின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர். அடியில் ஒரு வாய் தண்ணீரே தேங்கியிருந்தது.

"பாத்தீங்களா? நான் துணியிலேருந்து காத்துக்கு விரட்டுறேன். இது எனக்குப் போட்டியா விட்டுக்கிட்டே இருக்கு. காத்துல இடம் இருந்தாத்தானே என் துணி காயும்!"

இந்த அறிவியலில் பெரிய பழுதில்லை. வேர் குடிக்கும், தண்டு ஏற்றும், இலையில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத வாய்கள் ஆவியாக வெளியே விடும். அந்தி சாய்ந்தால் இந்த மரம் இலையை மடக்கிக் கடையைச் சாத்தும். வெப்பக் காடுகளில் இப்படி எண்ணற்ற மரங்கள் சேர்ந்து மேகத்துக்கே முதல் போடுகின்றன. கொல்லை மரத்தின் உண்மையான குற்றம் நிழல்தான். வேர்வை சில்லறைக் குற்றம். ஆனால் சாட்சி கவருக்குள் இருக்கும்போது நிழலை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

மரம் வெட்டுகிறவர் வந்தார். "அடியோட எடுக்கட்டுமா அக்கா?"

"வேணாம்பா, சுவர் விழுந்துடும். கிளையெல்லாம் கழிச்சு மொட்டை அடிச்சுடு."

வெற்றி உடனே தெரிந்தது. விரிப்புகள் அட்டைபோல விறைத்துக் காய்ந்தன. தலைமை நர்ஸே ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தாம்மா துணி மாதிரி இருக்கு" என்றார். வெயிலக்கா சில வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

பாவாததால்தானோ என்னவோ, தரையைக் கவனிக்கவில்லை. முதலில் செருப்பு சதக்கென்றது. பிறகு கொசு. பிறகு ஒரு தவளை குடியேறியது. "வாடகை பேசிட்டியா?" என்று கேட்டார் கணவர். அவருக்கு அன்று டீ தாமதமானது.

கொடிக்கம்பங்கள் இரண்டும் ஒரு மதியம், கயிறு நிறைய விரிப்புகளோடு, பழைய சிநேகிதர்கள்போல ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. வேகமே இல்லை. காய்ந்து, மடிக்கத் தயாராக இருந்த அத்தனை விரிப்புகளும் நிதானமாகச் சேற்றில் உட்கார்ந்தன. மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை.

"காஞ்சுதான் இருந்துச்சு" என்றார் கணவர், ஆறுதலாக.

வெயிலக்கா அவரைப் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்த்தார், மொட்டை மரத்தைப் பார்த்தார், மறுபடி வாய்க்காலைப் பார்த்தார்.

"ஏங்க, அன்னைக்குக் கவர்ல இருந்த தண்ணி... அது நான் ஊத்தினதுங்க."

"எப்போ?"

"தினமும்! தொட்டியிலேருந்து போன அத்தனையும் இதுதான் குடிச்சு மேல அனுப்பியிருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே தொழிலுங்க. நான்தான் போட்டின்னு நெனச்சுட்டேன்."

வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குத் தானே போய் நின்றார். "சிஸ்டர், காலைல கொண்டாந்துடறேன்."

"வெயில் கொளுத்துதே. மழைகூட இல்லையேம்மா?"

"மேலேருந்து வரலை சிஸ்டர். கீழேருந்து வந்துடுச்சு."

நர்ஸ் காலைவரை பொறுத்தார். ஆனால் அதற்குப் பிறகு பாதி விரிப்புகள் மெஷின் லாண்டரிக்குப் போயின; "கொல்லை சரியானதும் பேசலாம்" என்றார். சேறான அன்று இரவு, மறுபடி அலசிய விரிப்புகளைக் கணவர் ஒவ்வொன்றாக இஸ்திரியாலேயே ஆவி பறக்கக் காய வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு நேரம் முழித்திருந்ததை அன்றுதான் பார்த்ததாக வெயிலக்கா பிறகு சொல்வதுண்டு.

கம்பங்கள் வாசல் பக்கம், வெயிலுக்கு இடம் மாறின. வாய்க்கால் ஓரம், மரத்தோடு சேர்ந்து தண்ணீர் குடிக்க, கல்வாழையும் சேம்பும் வந்தன. மொட்டை மரம் கோபித்துக்கொள்ளாமல் தழைத்தது. குடை விரிய விரியத் தரை இறுகியது. தவளை சொல்லிக்கொள்ளாமல் காலி செய்தது. நர்ஸ் ஒரு நாள் கொல்லைக்கே வந்து, காலால் மண்ணைத் தட்டிப் பார்த்து, மீதிப் பாதியையும் திருப்பித் தந்தார்.

வெயிலக்கா இன்றும் எப்போதாவது ஒரு கிளையில் கவர் கட்டுகிறார். மதியம் பிரித்துப் பார்த்து, தண்ணீர் குறைவாக இருந்தால் மரத்தைத் திட்டுகிறார்.

"என்ன, சாப்பாடு பிடிக்கலையா? குடி. நல்லாக் குடி. வேணுங்கிற அளவு குடி."

"அப்படியே எனக்கும் ஒரு டீ" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"உங்களுக்கு ரெண்டு ஆயிடுச்சு!"