கோமதி ஜெர்மனிக்குப் போகவில்லை

புதன்கிழமை சாயங்காலம் ராணுவ உடையில் இரண்டு பேர் பக்கத்து வீட்டு வாசலில் நின்றார்கள். அவர்கள் மணி அடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. ஹூஸ்டனில் ஒன்பது வருடமாக என் பக்கத்து வீட்டுக்காரர், நர்ஸ் கோமதி அவர்கள் இனி இல்லை.

கோபிசெட்டிபாளையத்துக்காரர். என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த நாளில், ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தவர். சிட்டிசன்ஷிப் கிடைத்த கையோடு, தேவைப்பட்டால் அழைக்கும் ரிசர்வ் படையில் சேர்ந்தார். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு கூடும் அடுத்த பாட்லக்கில் எங்களுக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. "நம்ம ஆளுங்க யாராவது ஆர்மில ஜாயின் பண்ணுவாங்களா?" என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அவர் கோபப்படவில்லை. "அடிபட்டவன் கெடக்கற எடத்துல நர்சு இல்லாம வேற யாருங்க இருப்பாங்க?" என்றார்.

போர் மூண்டதும், நட்பு நாட்டுக்குத் துணையாகப் படை அனுப்புகிறோம் என்று டிவியில் பெருமையாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் போகவில்லை. போனவர் கோமதி. கிளம்பும்போது அவருக்கு இருந்த ஒரே பயம், ஊரில் இருக்கும் அப்பா. இருதய ஆபரேஷன் ஆனவர்.

"ஜெர்மனில ட்ரெய்னிங்னு சொல்லீருங்க அக்கா. எங்க ஊட்டுக்காரருக்குப் பொய் வராது. உங்களுக்கு வரும்."

வந்தது. ஞாயிறுதோறும் வீடியோ காலில் அந்தப் பெரியவரிடம் ஜெர்மனிக் குளிரைப் பற்றிக் கதை அளந்தேன். "ஸ்வெட்டர் போடச் சொல்லு கண்ணு" என்பார். மூன்றாவது வாரம் முகாம் மருத்துவமனைமேல் ஏவுகணை விழுந்தது.

கோமதியின் கணவர் ரமேஷ் அன்று என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அக்கா, மச்சான் திருப்பூர்லருந்து கார்ல போய் மாமாகிட்ட நேர்ல சொல்றேன்னிருக்கான். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்."

தலையாட்டினேன். ஆனால் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பொங்கலானாலும் சாவானாலும் போஸ்டர் என் வேலை. முந்திக்கொள்ளும் பாழும் புத்தி. ராணுவ உடையில் அவர் படத்தைப் போட்டு, 'வீரமங்கைக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று எழுதி, நம் குரூப்தானே என்று வாட்ஸப்பில் ஏற்றினேன். பாட்லக்கில் சிரித்தவர்கள் எல்லோரும் கைகூப்பும் எமோஜி போட்டார்கள். யாரோ யாருக்கோ அனுப்பி, ஒரு மணி நேரத்தில் அது கோபிக்குப் போய்விட்டது. மச்சானின் கார் பாதி வழியில் இருக்கும் குன்னத்தூரைக்கூடத் தாண்டவில்லை.

பெரியவர் எனக்குத்தான் போன் செய்தார்.

"படத்துல இருக்கறது எங்க கோமதியா கண்ணு? கீழ வடிவமைப்புன்னு உம்பேரு போட்டிருக்குது. நீதான ஜெர்மனின்னு சொன்னே?"

ஆமாம், அஞ்சலியிலும் என் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கோமதி, நாளை கொடி போர்த்திய பெட்டியில் வீட்டுக்கு வருகிறீர்கள். அப்பாவால் இவ்வளவு தூரம் வர முடியாது. வீடியோவில்தான் பார்க்க வேண்டும். நான் காட்டுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "நீ வேண்டாங் கண்ணு. வேற யாரையாச்சும் காட்டச் சொல்லு" என்றுவிட்டார்.

நான் வாசலோரம் நின்றுகொள்கிறேன். போய் வாருங்கள்.