ரோசரி அக்காவின் இரண்டு தட்டு

பழுது நீக்கிய காது மெஷினை மூடியதும் ரோசரி அக்கா விரல் முட்டியால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். மெயின்கார்டு கேட் பக்கத்து மாடிக் கடையில் அந்தச் சத்தம் கேட்டால் யாருக்கோ ஒரு காது பிழைத்துவிட்டது என்று பொருள்.

போன வருஷம் அவர் கண் மங்கியது. மயிரிழைக் கம்பி இரண்டாகத் தெரிந்தது. வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்து, மேலப்புதூர் மாதா கோயிலில் உட்கார்ந்து அழுதும் தீர்த்துவிட்டார். முதலாளி பாலமுரளி விடவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து வரும்போது ஒருநாள் தலையில் மாட்டும் புது ஹெட்செட் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் கடுகளவு பாகம் காசளவு தெரியும். எங்கே பற்றவைக்க வேண்டுமோ அங்கே பச்சை அம்புக்குறி வந்து நிற்கும்.

"என் விரலே முருங்கைக்காய் மாதிரி தெரியுது தம்பி, பயமா இருக்கு" என்றார் அக்கா. ஹெட்செட்டைக் கழற்ற மறந்து டீ கிளாஸை எடுக்கப் போய் வெறுங்காற்றைப் பிடித்தார். அதெல்லாம் பழகிவிட்டது. ஒன்றுதான் பழகவில்லை. தட்டினால், ஹெட்செட்டுக்குப் படம் அனுப்ப மேசையில் பொருத்திய கேமரா அசைந்து அம்புக்குறி இடம் மாறிவிடும்.

"தட்டாதீங்கக்கா, முதல்லேருந்து செட் பண்ணணும்" என்று பாலமுரளி கும்பிட்டே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கையை மடியில் வைத்து அழுத்திக்கொள்வார், பாவம், தும்மலை அடக்குகிறவர் மாதிரி.

வெள்ளிக்கிழமை காலையில் மஹ்ஜபீன் தன் மகள் நிலோஃபரோடு வந்தாள். "மெஷின் தண்ணில விழுந்துடுச்சுக்கா. இப்பதான் என்னை 'அம்மி'ன்னு கூப்பிட ஆரம்பிச்சிருந்தா. மெஷின் போனதுலேருந்து வாயே திறக்கல."

துருப்பிடித்த கம்பியை எடுத்துப் புதிதாகப் பற்றவைக்க மதியமாகிவிட்டது. "அசையாதடா ராசா" என்று அக்கா கம்பியைக் கொஞ்சினார், மூச்சை அடக்கினார், அம்புக்குறி காட்டிய இடத்தில் தொட்டார். அந்தக் கருவி இல்லாவிட்டால் தன்னால் முடிந்திருக்காது என்று அவருக்கே தெரியும்.

மெஷினைக் காதில் மாட்டியதும் குழந்தை ஜன்னலுக்கு ஓடி, முதுகைக் காட்டிக்கொண்டு பஸ் பார்த்தது. மஹ்ஜபீன் கூப்பிட வாயெடுத்தாள். திரும்பாவிட்டால் என்ற பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வேலைக்கு மேசையில் எல்லாம் செட் ஆகித் தயாராக இருந்தது. ரோசரி அக்கா பாலமுரளியைப் பார்த்தார். மடியிலிருந்து கையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

நிலோஃபர் வெடுக்கென்று திரும்பினாள்.

அம்புக்குறி எங்கே போனதோ, அக்கா தட்டிக்கொண்டே இருந்தார்.