ஜன்னலைத் திறந்து வைத்த கவுன்சிலர்

அப்போது நான் விருத்தாசலத்தில், குடியை விட நினைப்பவர்களுக்குக் கவுன்சிலிங் கொடுத்துவந்தேன். ஒரே வாரத்தில் இரண்டு பேர் புதிதாக வந்தார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர். சலவைச் சட்டையில் வந்து, தன் தவறுகளை அழகாக விவரித்து அழுவார். இன்னொருவர் பீங்கான் சூளையில் வேலை பார்த்த ஏழுமலை. அவர்மேலிருந்து வீசும் வியர்வை நாற்றமும் குடித்த வாடையும் எனக்குக் குமட்டும். எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆசிரியருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். ஏழுமலையைப் பத்து நிமிடத்தில் அனுப்பினேன். மூன்றாவது முறை, "ஒத்துழைக்கவில்லை, பலன் இருக்காது" என்று எழுதி அவருடைய ஃபைலை மூடிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஆசிரியரின் மனைவி கிழிந்த உதட்டோடு வந்தார்.

"ஒங்ககிட்ட அழுதுட்டு நேரா குடிக்கத்தான் போறாரு. வூட்டுக்கு வந்து, 'கவுன்சிலரே என்னப் புரிஞ்சிக்கிட்டாரு, ஒனக்கு என்னடி'ன்னு அடிக்கிறாருங்க."

அந்த ஆளின் கண்ணீரை நம்பிய என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. மறுநாள் சூளைக்குப் போய் ஏழுமலையைத் தேடிப் பிடித்து, மறுபடியும் வரச் சொன்னேன். அவர் கையிலிருந்த களிமண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் உள்ள வந்தாலே மூக்கப் பொத்திக்கிட்டு ஜன்னலத் தொறப்பீங்க. அப்புறம் எப்படிங்க வாயத் தொறக்கிறது?"

அவர் பிறகு வரவேயில்லை. அன்றன்றைய கூலியை விட்டுவிட்டு மூன்று முறை என்னைத் தேடி வந்த மனிதர் அவர். அதைவிட வேறென்ன ஒத்துழைப்பை எதிர்பார்த்தேன்? நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.