பொட்டுவுக்கு வைத்த உப்பு ஒத்தடம்

பிள்ளைகளே, நான் செய்த ஒரு தப்பை உங்களிடம் சொல்ல வேண்டும். நான் தூத்துக்குடியில் உப்பளத்தில் வேலை பார்க்கிறேன். போன வருடம் மாப்பிள்ளையூரணி சாலையில் அடிபட்டுக் கிடந்த ஒரு சின்ன நாயை என் மகள் தூக்கி வந்தாள். நெற்றியில் கறுப்புப் புள்ளி இருந்ததால் பொட்டு என்று பெயர் வைத்தாள். கால்நடை மருத்துவர் அதன் இடுப்பில் அறுவை சிகிச்சை செய்து, "வீக்கத்துக்கு ஐஸைத் துணியில சுத்தி வைங்க, அது போதும்" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் பொட்டு வலியில் முனகியது. அளத்தில் எங்களுக்கு இடுப்பு பிடித்தால் உப்பை வறுத்து, துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்போம். அதையே செய்யப் போனேன்.

"ஐஸுதான வைக்கச் சொன்னாவ?" என்றாள் என் மனைவி.

"ஏளா, நீ பெரிய டாக்டரு! நாளைக்கே ஓடுதா இல்லையான்னு பாரு."

ஒத்தடம் பட்டதும் பொட்டு கத்தியது. "அதுக்கு வலிக்குப்பா, விடுங்க" என்று மகள் அழுதாள். சூடு இறங்கினால் சரியாகிவிடும் என்று நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

காலையில் பார்த்தால் தோல் வெந்து, தையல் விட்டிருந்தது. "மயிர் மழிச்ச தோலு அண்ணாச்சி, எப்படித் தாங்கும்?" என்றார் மருத்துவர். மறுபடியும் மயக்க ஊசி போட்டுத் தைத்தார். புண் ஆற இரண்டு மாதம் ஆனது.

இப்போது பொட்டு நடக்கிறது. ஒரு கால் மட்டும் தரையில் ஊன்றாது. மகள் கூப்பிட்டால் நொண்டிக்கொண்டே ஓடும். என்னைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மருத்துவர் சொல்வதை இப்போதெல்லாம் மகளை எழுதிவைக்கச் சொல்லி, அதை மட்டுமே செய்கிறேன். பொட்டுவின் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே போய் நிற்கிறேன். நான் போன பிறகுதான் அது வாய் வைக்கும்.